பிள்ளையின் பங்கு

ஜீவனாம்சம் என்பது நம் காதுக்கு நீதிமன்றச் சொல்லாகவே பழகிவிட்டது. கணவனும் மனைவியும் பிரிந்த பின் ஒருவர் கேட்பதும், மற்றவர் மறுப்பதும், இடையில் வழக்கறிஞர்கள் வாதாடுவதுமான ஒரு தொகை என்றே அதனை எண்ணுகிறோம். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வேறொரு பொருள் தென்படும். ஜீவனம் என்றால் பிழைப்பு, வாழ்வு. அம்சம் என்றால் பங்கு. வாழ்வில் ஒரு பங்கு என்பதே அதன் நேர்ப்பொருள். பங்குடையவர் இரந்து நிற்பவர் அல்லர். தமக்குரியதைப் பெற வந்தவர். பிரிந்து வாழும் பெற்றோரிடையே பிள்ளைக்குரிய தொகையை எவ்வாறு முடிவு செய்வது என்னும் கேள்வியை, இச்சொல் தரும் வெளிச்சத்தில் சற்று எண்ணிப் பார்ப்போம்.

திருமணம் முறிக்க இயலாத அருள்சாதனம் என்று நம்புகிறவர்கள் நாம். ஆகவே, பிரிந்துபோன குடும்பங்களைப் பற்றிப் பேச நமக்குத் தயக்கம் உண்டு. பங்கில் அத்தகைய குடும்பம் ஒன்று இருந்தால், யார்மேல் குற்றம் என்று தாழ்ந்த குரலில் ஆராய்கிறோம். அந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பருவத்தின் பள்ளிக் கட்டணம் கட்டப்பட்டதா என்று கேட்பதில்லை. முதல் கேள்விக்கு விடை சொல்ல நமக்கு உரிமையும் இல்லை, போதிய அறிவும் இல்லை. இரண்டாவது கேள்வியோ நீதியைச் சார்ந்தது. அதில் நாம் காட்டும் மௌனத்திற்கு விலை கொடுப்பது பெற்றோர் அல்லர், பிள்ளையே.

சட்டம் திறக்கும் வாயில்கள்

நம் நாட்டில் இதற்கு இரு வாயில்கள் உள்ளன. முதலாவது, எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவானது. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆம் பிரிவாக இருந்த அது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. போதிய வசதியுடைய ஒருவர் தம் பிள்ளையைப் பராமரிக்கத் தவறினால், மாதந்தோறும் ஒரு தொகை செலுத்துமாறு அவருக்கு ஆணையிடலாம் என்பது அதன் சாரம். இரண்டாவது, கிறிஸ்தவர்களுக்குரிய 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம். பிள்ளைகள் யாரிடம் வளர்வது, அவர்களுடைய பராமரிப்புக்கும் கல்விக்கும் என்ன ஏற்பாடு என்பதை அதன் 41 முதல் 44 வரையிலான பிரிவுகள் நீதிமன்றத்தின் பொறுப்பில் விடுகின்றன.

முதல் வாயிலில் நெடுங்காலம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. மாதம் 500 ரூபாய்க்கு மேல் ஆணையிட இயலாது என்ற உச்சவரம்பே அது. விலைவாசி எவ்வளவோ ஏறிய பின்னும், 2001-இல் திருத்தம் வரும்வரை அந்த வரம்பு நீடித்தது. இடைக்காலத் தொகை கேட்கும் மனுக்களை இயன்றவரை 60 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்ற நெறியும் அதே ஆண்டில்தான் சட்டத்தில் இடம்பெற்றது. பசி வழக்குத் தேதிகளுக்காகக் காத்திருக்காது என்பதைச் சட்டம் காலம் தாழ்ந்தேனும் ஒப்புக்கொண்டது.

ஆனால், எவ்வளவு என்பதை நம் சட்டம் எங்கும் எண்ணால் சொல்லவில்லை. அது நீதிபதியின் நியாய உணர்வுக்கு விடப்பட்டிருக்கிறது. அந்த உணர்வுக்கு வழிகாட்டியாக உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4 அன்று ஒரு விரிவான தீர்ப்பை வழங்கியது. இரு தரப்பினரும் தம் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். தொகை மனுச் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும். பிள்ளையின் செலவு என்பதில் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம், கல்வி ஆகியவற்றோடு நியாயமான அளவில் தனிப்பயிற்சியும் அடங்கும். தாயும் போதிய அளவு சம்பாதிப்பவராயின் செலவை இருவரும் விகிதப்படி பகிர்ந்துகொள்ளலாம் என்பன அத்தீர்ப்பின் முக்கிய நெறிகள்.

விகிதம் என்பதன் பொருளை அதற்கு முன்பே, 2000-ஆம் ஆண்டில், அதே நீதிமன்றம் தெளிவாக்கியிருந்தது. தந்தையின் ஊதியம் தாயின் ஊதியத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்த ஒரு வழக்கில், பிள்ளைகளின் செலவை 2:1 என்ற விகிதத்தில் இருவரும் ஏற்க வேண்டும் என்று அது கூறியது. அது இந்துச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. எனினும் அதிலுள்ள நியாயம் எல்லார்க்கும் பொருந்துவது. எடுத்துக்காட்டாக, தந்தைக்கு மாதம் 40,000 ரூபாயும் தாய்க்கு 20,000 ரூபாயும் வருமானம் எனக் கொள்வோம். பிள்ளைக்கு ஆகும் செலவு 12,000 ரூபாய். தந்தையின் பங்கு 8,000. தாயின் பங்கு 4,000. பிள்ளை தாயிடம் வளர்ந்தால் தாயின் பங்கு அன்றாடச் செலவிலேயே கரைந்துவிடும். தந்தையின் பங்கு கைமாற வேண்டும். கைமாறும் தொகை மட்டும் கண்ணில் படுவதால், தாம் ஒருவரே கொடுக்கிறோம் என்ற எண்ணம் தந்தைக்கு எழுகிறது. அது கண்ணின் பிழையே தவிர, கணக்கின் பிழை அன்று.

தாய்க்கு வருமானம் இல்லாதபோது வேறொரு வழி உண்டு. 2004-இல் தில்லி உயர் நீதிமன்றம் குடும்ப வருமானத்தை ஒரு பணியாரத்துக்கு ஒப்பிட்டது. சம்பாதிப்பவருக்கு அதற்கான செலவுகளும் இருப்பதால் அவருக்கு இரண்டு பங்கு; மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. தந்தையின் வருமானம் 50,000 ரூபாய், தாயும் இரு பிள்ளைகளும் தனியே வாழ்கின்றனர் என்றால், மொத்தம் ஐந்து பங்கு. பங்கு ஒன்றுக்கு 10,000. தந்தைக்கு 20,000, மற்ற மூவருக்கும் சேர்த்து 30,000. கேட்டவுடன் சிலருக்கு இது மிகையாகத் தோன்றும். பிரியாமல் இருந்திருந்தால் அந்த வீட்டில் நால்வரும் எவ்வாறு உண்டு உடுத்து வாழ்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால் அந்த மிகை மறையும்.

இரும்புக் கோலும் ஈயக் கோலும்

வேறு சில நாடுகள் இதனை நீதிபதியின் உணர்வுக்கு மட்டும் விடவில்லை. செருமனியில் 1962 முதல் தியூசல்டார்ஃப் அட்டவணை என்ற ஒன்று வழக்கில் இருக்கிறது. பெற்றோரின் வருமானத்தையும் பிள்ளையின் வயதையும் அதில் பொருத்திப் பார்த்தால் தொகை தெரிந்துவிடும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், செலுத்த வேண்டியவரின் வருமானத்தில் ஒரு பிள்ளைக்கு 17 விழுக்காடு, இருவருக்கு 25, மூவருக்கு 29 என்று வகுத்திருக்கிறார்கள். அந்நாட்டின் பெரும்பாலான பிற மாநிலங்கள் இருவர் வருமானத்தையும் கூட்டி விகிதப்படி பிரிக்கும் முறையைக் கையாளுகின்றன.

எது மேலானது? இக்கேள்விக்கு உதவக்கூடிய ஓர் உவமையை அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் ஐந்தாம் பகுதியில் தந்திருக்கிறார். லெஸ்போஸ் தீவின் கட்டடத் தொழிலாளர்கள் ஈயத்தால் ஆன அளவுகோலைப் பயன்படுத்தினார்களாம். ஈயம் வளையும், ஆகவே கரடுமுரடான கல்லின் வடிவத்துக்கேற்ப அது படிந்து அளக்கும். பொதுச் சட்டம் பொருந்தாத இடத்தில் நிகழ்வுக்கேற்ப வளைந்து கொடுக்கும் நியாயத்தை அவர் அந்தக் கோலுக்கு ஒப்பிட்டார். அக்குவினா நகர்ப் புனித தோமாவும் இத்தகைய நியாயத்தை ஒரு நற்பண்பாகவே போற்றினார்.

அட்டவணை இரும்புக் கோல். யார் அளந்தாலும் ஒரே அளவு காட்டும்; ஒத்த நிலையிலுள்ள இரு பிள்ளைகளுக்கு ஒத்த தொகை கிடைக்கும்; தீர்ப்புக்கு முன்பே தொகை தெரிந்துவிடுவதால் சச்சரவும் குறையும். ஆனால் நோயுற்ற பிள்ளையின் மருந்துச் செலவையும், பயிர் பொய்த்த ஆண்டில் உழவரின் நிலையையும் அதனால் தானாக அளக்க இயலாது. நம் நாட்டு முறை ஈயக் கோல். அது வளையும், எனவே நிகழ்வுக்குப் பொருந்தும். அதே காரணத்தால், அளப்பவரின் கைக்கேற்பவும் வளையக்கூடும்.

எனினும், இவ்விரண்டுக்கும் பொதுவான ஒரு தேவை உண்டு. அளக்க வேண்டிய கல் வெளியே இருக்க வேண்டும். கல்லை மறைத்துவிட்டால் இரும்பும் அளக்காது, ஈயமும் அளக்காது. பிள்ளைக்கு இழைக்கப்படும் அநீதி பெரும்பாலும் கணக்கில் நேர்வதில்லை; கணக்குக்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. வீட்டு வாடகை வருமானம் தம்பியின் பெயருக்கு மாறுகிறது. கடையின் வரவு பாதியாகக் காட்டப்படுகிறது. வழக்கு நடக்கும் மாதங்களில் மட்டும் வேலை போய்விடுகிறது. மறுபுறம், தாம் செய்யும் வேலையை மறைத்து வருமானமே இல்லை என்று எழுதிக் கொடுக்கும் தாய்மாரும் உண்டு. எதிர்த் தரப்பை ஏமாற்றுவதாகவே இருவரும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் ஏமாற்றப்படுவது, அந்தப் பத்திரத்தைப் படிக்கவும் அறியாத ஒரு பிள்ளை. ஆண்டவரின் பெயரால் ஆணையிட்டுப் பொய் உரைப்பதும், உரியவரின் பொருளை எடுத்துக்கொள்வதும் அந்த ஒரே தாளில் நிகழ்ந்துவிடுகின்றன. பிரமாணப் பத்திரத்தை உண்மையாக நிரப்புவது, எவ்வளவு என்ற கேள்விக்கு முதல் விடை. அதற்குப் பின் வரும் கூட்டலும் வகுத்தலும் எளியவை.

தண்டமும் விலையும் தருமமும்

பங்கு என்று ஏற்றுக்கொண்டால், அது எவையெவை அன்று என்பதும் தெளிவாகும்.

அது தண்டம் அன்று. மணவாழ்வு ஏன் முறிந்தது என்ற கணக்குக்கும் பிள்ளையின் உணவுக் கணக்குக்கும் தொடர்பில்லை. சட்டமே இதனை நுட்பமாக உணர்ந்திருக்கிறது. மனைவி பிறன்உறவில் வாழ்ந்தாலோ, தக்க காரணமின்றிக் கணவனுடன் வாழ மறுத்தாலோ, அவருக்குரிய தொகையை மேற்சொன்ன பொதுச் சட்டம் மறுக்கிறது. அந்தத் தடை மனைவிக்கு மட்டுமே, பிள்ளைக்கு இல்லை. முறையான மணத்தில் பிறந்த பிள்ளை, மணத்துக்குப் புறம்பே பிறந்த பிள்ளை என்ற வேறுபாட்டையும் அது பாராட்டுவதில்லை.

அது விலையும் அன்று. பிள்ளையைப் பார்க்க விடவில்லை, எனவே பணம் தரமாட்டேன் என்பது ஒரு குரல். பணம் தரவில்லை, எனவே பார்க்க விடமாட்டேன் என்பது மறு குரல். இரண்டும் பிள்ளையை ஒரு பண்டமாக்கித் தராசில் வைக்கின்றன. தந்தையின் முகத்தைக் காண்பதும், தந்தையின் உழைப்பில் பங்கு பெறுவதும் பிள்ளையின் இரு தனித்தனி உரிமைகள். ஒன்று மறுக்கப்பட்டது என்பதற்காக மற்றதையும் பறித்தால், ஓர் இழப்பு ஈரிழப்பாகிறது.

மேலும், அது தருமமும் அன்று. தருமம் மிச்சத்திலிருந்து கொடுப்பது. பங்கு முதலிலேயே எடுத்துவைப்பது. மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது கடவுளுக்குரிய காணிக்கை, என்று அறிவித்துவிட்டுக் கைகழுவியவர்களை இயேசு கண்டித்தது நமக்குத் தெரியும். பெற்றோருக்கு மறுப்பதற்குச் சொன்னது பிள்ளைகளுக்கு மறுப்பதற்கும் பொருந்தாதா? திருவிழாவின் ஒரு நாள் உபயத்துக்குத் தாராளமாக எழுதிக்கொடுத்து, ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கக் கேட்டு மகிழும் ஒருவர், தம் பிள்ளைக்கு ஆறு மாத நிலுவை வைத்திருப்பாராயின், அவர் கொடுத்தது யாருடைய பணம்? பீடத்தின்முன் வைக்கப்பட்டதாலேயே அது தூய்மை அடைந்துவிடாது.

சில மறுப்புகள்

கொடுக்கும் பணத்தை அவள் தனக்கே செலவிடுகிறாள் என்ற குற்றச்சாட்டை அடிக்கடி கேட்கிறோம். அப்பட்டமான ஊதாரித்தனம் இருந்தால் நீதிமன்றத்தில் முறையிடலாம். பெரும்பாலான வீடுகளில் நிலைமை அதுவன்று. பிள்ளைக்கென்று தனிக் கூரை இல்லை. தனி மின்விளக்கு இல்லை. தனி உலை இல்லை. பிள்ளை வாழும் வீட்டுக்கு வாடகை கட்டும்போது அந்தக் கூரையின்கீழ் தாயும் உறங்கத்தான் செய்வார். அதனைத் தவிர்க்க வேண்டுமானால் பிள்ளையைத் தனியே தெருவில் வைத்து வளர்க்க வேண்டும்.

எனக்கு இப்போது வேறு பொறுப்புகள் இருக்கின்றன என்பது மற்றொரு மறுப்பு. முதியோரான பெற்றோர், நோய், கடன், பின்னர் பிறந்த பிள்ளைகள் ஆகிய அனைத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்கிறது, கொள்ளவும் வேண்டும். பிள்ளைகள் பெருகினால் பங்கு சிறுக்கும். ஒரே வீட்டில் வாழ்ந்தாலும் அவ்வாறே நிகழும். ஆனால் பங்கு சிறுப்பது வேறு, மூத்த பிள்ளை பந்தியிலிருந்தே எழுப்பப்படுவது வேறு.

இன்னும் கடினமானது ஏழையின் கேள்வி. கூலி வேலை செய்பவர், வாரத்தில் நான்கு நாள் வேலை கிடைத்தால் பெரிது என்றிருப்பவர், எதைப் பங்கிடுவார்? இங்கேதான் பங்கு என்ற சொல் இரு பக்கமும் நீதி செய்கிறது. பிள்ளை தந்தையின் ஏற்றத்தில் பங்குடையது, தாழ்விலும் பங்குடையது. கொடுப்பவரே உயிர்வாழ இயலாதபடி தொகை விதிப்பது பங்கீடு ஆகாது. ஆகவே ஏழையின் பங்கு சிறிதாக இருக்கலாம், இல்லாமல் போகலாகாது. உடல்வலிமை உள்ளவர் வேலையில்லை என்று சொன்ன அளவிலேயே நீதிமன்றம் அவரை விட்டுவிடுவதில்லை. அவரால் எவ்வளவு ஈட்ட முடியும் என்றும் பார்க்கிறது. தக்க காரணமின்றிச் செலுத்தத் தவறினால், ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறையில் இடலாம். சிறை சென்றதனால் கடன் தீர்ந்துவிடாது என்றும் 1989-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆயினும் சிறையில் இருப்பவர் கூலி ஈட்டுவதில்லை என்பதும் உண்மையே. சட்டத்தின் கை அவ்வளவுதான் நீளும். அதற்கப்பால் மனச்சான்றின் கை நீள வேண்டும்.

திருச்சபையின் சொல்

இவ்விடத்தில் நம்மவரிடையே நிலவும் ஒரு தவறான கருத்தையும் நீக்கிக்கொள்ள வேண்டும். திருமணம் செல்லாது என்று மறைமாவட்டத் தீர்ப்பாயம் அறிவித்துவிட்டால், பிள்ளையும் செல்லாததாகிவிடும் என்றும், பொறுப்புகளும் அத்துடன் முடிந்தன என்றும் சிலர் எண்ணுகிறார்கள். திருச்சபைச் சட்டம் இதற்கு நேர்மாறானது. நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட, ஆயினும் பின்னர் செல்லாதது எனத் தெரியவந்த மணத்தில் பிறந்த பிள்ளைகளும் முறையான பிள்ளைகளே என்கிறது 1137-ஆம் விதி. வாழ்க்கைத் துணைவர் பிரியும்போது பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் தக்க ஏற்பாடு செய்யப்பட வேண்டும் என்கிறது 1154-ஆம் விதி. திருமணம் செல்லாது என்று தீர்ப்பளிக்கும்போதே, ஒருவர்க்கொருவரும் பிள்ளைகளுக்கும் உரிய அறநெறிக் கடமைகளையும் குடிமைச் சட்டக் கடமைகளையும் இருவருக்கும் நினைவூட்ட வேண்டும் என்று மற்றொரு விதி பணிக்கிறது. முன்பு 1689-ஆம் விதியாக இருந்த அது, திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் செய்த சீர்திருத்தத்துக்குப் பின் 1691-ஆம் விதியில் இடம்பெற்றுள்ளது. மணப்பிணைப்பு இருந்ததா இல்லையா என்று ஆராயலாம். பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று ஆராய எந்தத் தீர்ப்பாயமும் தேவையில்லை.

பங்கு மக்களாகிய நம்மால் ஆவது என்ன? தீர்ப்பு வழங்குவது நம் வேலை அன்று. ஆனால் அன்பியங்களில் இரு தரப்பினரின் நம்பிக்கையையும் பெற்ற முதியோர் இருக்கிறார்கள். கணக்கு அறிந்தோர் இருக்கிறார்கள். சட்டம் பயின்றோரும் இருக்கிறார்கள். பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்க முயன்று தோற்ற பின் நாம் ஒதுங்கிவிடுகிறோம். அப்போதுதான் அவர்களுக்கு மற்றோர் உதவி தேவைப்படுகிறது. இருவரையும் தனித்தனியே அமரச் செய்து, வருவது எவ்வளவு, பிள்ளைக்கு ஆவது எவ்வளவு என்று உண்மையாக எழுதவைத்தால், பல ஆண்டு வழக்கில் தீராதது சில மாலைகளில் தீரக்கூடும். அவ்வாறு தீர்வதை நீதிமன்றத்தில் பதிவுசெய்துகொள்வது பிள்ளைக்குப் பாதுகாப்பு.

இறுதியாக ஒன்று. எந்த அட்டவணையும் அளக்காத செலவு ஒன்று உண்டு. காய்ச்சல் கண்ட இரவில் விழித்திருந்தவருக்கு எவரும் விகிதம் வகுப்பதில்லை. பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்காக ஒரு நாள் கூலியை இழந்தவருக்கு அந்தக் கூலி எந்தப் பத்திரத்திலும் ஏறுவதில்லை. எனவே, தொகையை முழுவதுமாகச் செலுத்திவிட்டவர் தம் கடமை முழுவதும் முடிந்தது என்று எண்ணவேண்டாம். பிள்ளையை உடன் வைத்து வளர்ப்பவரும், தாம் செய்வதையெல்லாம் பணமாக மாற்றிக் கேட்க இயலாது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பணத்தால் அன்பை ஈடுசெய்ய முடியாது. ஆனால் பணம் தராமல் அன்பு இருக்கிறது என்று சொல்பவரின் சொல்லை, மாத முதல் வாரத்தில் கடைக்காரரின் கடன் ஏட்டின்முன் நிற்கும் தாய் எவ்வாறு நம்புவார்?

ஒரு வீடு இரண்டாகப் பிரிந்தபோது பிள்ளையை யாரும் கேட்கவில்லை. வீடு இரண்டான பின்னும் இருவர் வாழ்விலும் அதன் பங்கு இரண்டாகாமல் ஒன்றாகவே நிற்க வேண்டும். அந்தப் பங்கை உரிய நாளில், உண்மையான கணக்கில், முணுமுணுப்பின்றி எடுத்துவைப்பது பிரிந்த பெற்றோர் இருவரும் சேர்ந்து இன்றும் செய்யக்கூடிய ஒரு நற்செயல்.